கதவில் ஒரு லில்லிப் பூ

மேரிசெல்வி வேலை செய்யும் உப்பளத்தில், குவித்த உப்பை விட்டுப் போகும்போது அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி ஒரு குறி பதிப்பார்கள். யாராவது அள்ளினால் குறி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் களிமண்ணில் ஒரு பிடியை அவள் வீட்டுக்கும் கொண்டுவருவாள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது கதவும் நிலையும் சேருமிடத்தில் அப்பி, விரலில் கிடக்கும் மோதிரத்தை அழுத்துவாள். மூன்று இதழ் விரித்த பூ ஒன்று புடைத்து நிற்கும்.

மோதிரம் மகன் கௌதமன் கொடுத்தது. பாண்டிச்சேரியில், டூரிஸ்டுகளுக்குப் பழைய மாதிரிப் பொருள்கள் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. "எழுநூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல பிரபுங்க போட்டிருந்த மோதிரத்தோட காப்பிம்மா. லெட்டர மடிச்சு, மெழுகு ஊத்தி, இத அழுத்துவாங்க. வேற எவனாச்சும் பிரிச்சா தெரிஞ்சிடும். இது லில்லி, மாதாவோட பூ. உன் பேருக்குன்னே எடுத்தாந்தேன்" என்றான்.

அடுத்த மாதமே, அவளைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றான். "நான் வூட்ல இருக்கறப்ப இந்த வாசல மிதிக்காத" என்றாள். எட்டு மாதமாக அவன் அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறான். போனையும் எடுப்பதில்லை. ஆனால் அவனுடைய சர்டிபிகேட்டெல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அவள் இல்லாத நேரம் பார்த்து என்றாவது வருவான். சாவி எப்போதும்போல் ஓட்டிடுக்கில்தான் இருக்கிறது. வந்துபோனான் என்று தெரிந்தால்கூடப் போதும் அவளுக்கு.

மத்தியானம் திரும்பினால் பூ முழுசாக இருக்கும். யாரும் வரவில்லை என்பதை அது தினமும் அத்தனை அழகாகச் சொல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பூ பிளந்து கிடந்தது.

சேற்றுக் காலோடு உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தாள். சர்டிபிகேட்டுகள் அப்படியே இருந்தன. அடுப்புமேல் மட்டும், தட்டு போட்டு மூடிய ஒரு கிண்ணம்.

"நான்தான்டி." பக்கத்து வீட்டு அருக்காணி வாசலில் நின்றாள். காலில் உப்புப் புண் என்று அன்று அளத்துக்கு வராதவள். சாவி இருக்குமிடம் அறிந்தவள். "மீன் கொழம்பு. வெளிய வெச்சா பூனை உருட்டிடும்னு உள்ள வெச்சேன். அது என்னாடி கதவுல, பேங்க் லாக்கர் மாதிரி சீலு? அப்படி என்னாத்த பூட்டி வெச்சிருக்க உள்ள?"

ஏன் நீ வந்தாய் என்றுதான் மேரிசெல்விக்கு முதலில் கேட்கத் தோன்றியது. தோன்றியதுமே வெட்கமாக இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா."

தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்தவர் கைச் சமையலைச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. காரம் தூக்கலாக இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடியுமுன் மறுபடி களிமண்ணைக் குழைத்தாள். வழக்கத்தைவிட மெல்லிசாக அப்பினாள், யார் தொட்டாலும் சட்டென்று உடையட்டும் என்று.