ஒரு சங்குத் தண்ணீர்

சுகந்தியின் மூத்த பையன் ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டாவதும் பையன். இவனுக்கும் அதே வயதில் அதே மாதிரி காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, உடம்பு மட்டும் அனலாகக் கொதித்தது. இவனையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

காரணம் சொல்ல எம்.ரெட்டியபட்டியில் ஆளுக்கா பஞ்சம்? பிள்ளை துவண்டு கிடக்கிறது, தூக்கியதில் பிசகி உரம் விழுந்திருக்கிறது என்று ஒருத்தி வந்து பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டிவிட்டுப் போனாள். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது என்று இன்னொருத்தி விளக்கெண்ணெய் வைத்தாள். இருவரும் கண்ணால் பார்த்தது உண்மைதான். அர்த்தம்தான் புரியவில்லை.

சுகந்தியின் புருஷன் விஜயபாண்டிக்கு ஆவுடைத்தாய் என்று ஓர் அக்காள். பக்கத்துத் தெருவில்தான் வீடு. மூன்று பெற்று மூன்றையும் ஆளாக்கியவள் என்பதால் பிள்ளை வளர்க்கிற விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் ஒன்றும் தெரியாதவள் அல்ல. நர்ஸம்மா எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும், தண்ணீர் கூடாது. ஒண்ணுக்கு நன்றாகப் போனால் பால் பத்துகிறது என்று அர்த்தம். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அது சரியான பேச்சு. இந்தப் பிள்ளைக்குத்தான் அது பொருந்தாமல் போனது. துணி மாற்றி மாளவில்லை. நனைந்த துணியைப் பார்த்துப் பார்த்தே எல்லோரும் ஏமாந்தார்கள்.

"இம்புட்டு ஒண்ணுக்குப் போற பிள்ளைக்கு ஒடம்புல தண்ணி இல்லாமயா இருக்கும்? நீ பாட்டுக்குப் பொட்டுத் தண்ணி விட்ராத. காய்ச்ச கூடிப்போகும்" என்றாள் ஆவுடைத்தாய்.

"சரி மதினி" என்றாள் சுகந்தி.

ஒருநாள் குளிப்பாட்டும்போது பிள்ளை ஈரத் துண்டின் முனையைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அது சப்பிய வேகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சங்கில் எடுத்துப் புகட்டினாள். குடித்து முடித்ததும் அப்படியே தூங்கிப்போனான். அன்றிலிருந்து மதினி தலை மறைந்ததும் ஒரு சங்கு, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இன்னொரு சங்கு. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. தண்ணீரால்தான் வருகிறதோ என்று மனசு அடித்துக்கொண்டாலும் அவன் வாயைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

தம்பி பிள்ளை தேறவில்லையே என்ற கவலையில் ஆவுடைத்தாய் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து கூடவே தங்கினாள். சங்கு அடுப்படியிலேயே கிடந்தது. இரண்டாம் நாள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. விஜயபாண்டி மில்லில் ஷிப்டைப் பாதியில் விட்டு ஓடிவந்தான். அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள்.

ரத்தத்தில் உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரோ வெறும் பச்சைத் தண்ணீர். டாக்டர் துர்காதேவி ஓர் ஊசியைப் போட்டுவிட்டுச் சிறுநீரை மறுபடி மறுபடி சோதித்தார். அது கொஞ்சமும் மாறவில்லை. டிரிப்ஸ் ஏறிக் காய்ச்சல் இறங்கிய பிறகு, இரண்டு பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மூளையிலருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்துல வரும். 'தண்ணிய விட்டுராத, பிடிச்சு வை'ன்னு கிட்னிக்குச் சொல்றதுதான் அதோட வேலை. அதைக் கேட்டு வாங்கிக்க கிட்னியில ஏற்பின்னு ஒண்ணு இருக்கணும். இவனுக்கு ஹார்மோனுக்குக் குறைச்சல் இல்ல. நாங்க ஊசியில போட்டுப் பாத்ததும் அந்த வேலையைச் செய்யுற மருந்துதான், அதுக்கும் கிட்னி கேக்கல. பிறவியிலேயே ஏற்பி சரியில்ல. கண்மாய் மடைய அடைங்கன்னு ஆளு வந்து கத்துறாரு, மடைக்கிட்ட கேக்க யாரும் இல்லங்கிற மாதிரி. உள்ள போற தண்ணி பூராம் அப்படியே வெளிய போயிருது."

தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததுமே சுகந்தி குறுக்கே பேசினாள்.

"நாந்தான் டாக்டரம்மா தப்புப் பண்ணிட்டேன். மதினிக்குத் தெரியாம சங்குல தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தேன்."

ஆவுடைத்தாய் வெடுக்கென்று திரும்பினாள்.

"நீங்க குடுத்தீங்களா?" என்றார் டாக்டர். "இந்தப் பிள்ளை இத்தனை நாள் எப்படித் தாங்குச்சுன்னு நாங்க பேசிக்கிட்டிருந்தோம். அந்தத் தண்ணிதாம்மா இவன உசுரோட வச்சிருக்கு. மாத்திரை தாறேன், ஓரளவுக்குக் குறைக்கும். ஆனா ஆயுசு பூரா இவனுக்குத் தண்ணிதான் மருந்து. இனிமே ஒளிச்சுக் குடுக்காதீங்க."

சுகந்திக்கு உயிர் வந்தது. சிரித்தாள், கூடவே அழுதாள். ஆவுடைத்தாய் எழுந்து நின்று டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது அம்மா வழியில, பெரும்பாலும் ஆம்பளப் பிள்ளைகளுக்கு வரும்" என்று டாக்டர் பேனாவை எடுத்தார். "இவனுக்கு முன்னாடி பையன் இருக்கானா?"

"இருந்தான்" என்றாள் ஆவுடைத்தாய். கும்பிட்ட கை அப்படியே இறங்கியது.

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு நான் எல்லாரு சொல்லையும் கேட்டேன் டாக்டரம்மா" என்றாள். "ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல."