கடைக்கு ஆகாத கடலை

கறாரண்ணன் கடையில் சொத்தைக் கடலை ஒன்றுகூட அகப்படாது. அதனாலேயே 'கறாரண்ணன்' என்று தெரு வைத்த பெயர். தினமும் காலையில் கடைக்குப் பின்னால் அவரும் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலக்கடலை பொறுக்குவார்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகப் பூஞ்சை பூத்தது எல்லாம் ஒரு சாக்குப்பைக்குள் போகும். வாடிக்கையாளர் வாயில் கசப்புக் கடலை ஒன்று அகப்பட்டுவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தச் சாக்குப்பை குப்பைக்குப் போகாது. நேரே வீட்டுக்குப் போகும்.

"தூக்கிப்போட மனசு வருதா? நல்லாத் துடைச்சு, கருகக் கருக வறுத்துட்டா எல்லாம் செத்துடும்" என்பார். அவளும் வறுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கொறிக்க அதுதான். அவர் கடையில் டீயோடு முடித்துக்கொள்வார். தின்றதெல்லாம் அவள்தான்.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வாயு என்று தள்ளிப்போட்டார்கள். வலி விடுகிற வழியாக இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது அவள் சாக்குப்பைக் கதையைச் சொல்லிவிட்டாள்.

"பூஞ்சை புடிச்ச கடலையா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதுல விஷம் சேரும்மா. துடைச்சாலும் வறுத்தாலும் முழுசாப் போகாது. ஒருநாள் தின்னா ஒண்ணும் தெரியாது. வருஷக்கணக்கா உள்ள போய்க்கிட்டே இருந்தா கல்லீரல்ல கேன்சர் வர்ற ஆபத்து கூடும். எதுக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்."

கறாரண்ணனுக்கு ஸ்கேன் அறை வாசலில் உட்கார முடியவில்லை. "நானே என் கையால கொண்டுபோய்க் குடுத்தேனே" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் புலம்பினார்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கல்லீரல் நல்லா இருக்கு. பித்தப்பையில சின்னக் கல்லு, அதான் வலி. சரிபண்ணிடலாம். ஆனா அந்தச் சாக்கை இன்னிக்கே ஒழிச்சுடுங்க."

"கல்லுதானா? வெறும் கல்லுதானா டாக்டர்?" அப்பாடா! கறாரண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். பித்தப்பைக் கல்லுக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் குழி தோண்டிச் சாக்கைக் கவிழ்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கோழிக்காவது போடலாமே?"

"கோழி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

கறாரண்ணன் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "வீணாப் போகுதேன்னுதான் கொண்டுவந்தேன். உனக்குக் கெடுதல் பண்ணணும்னு இல்ல."

"தெரியும். கடைக்கு வர்றவங்களை எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி பாத்துக்கிட்டீங்க. இனிமே என்னையும் ஒரு வாடிக்கைக்காரியா நினைச்சுக்குங்க. பூஞ்சை புடிச்சது விக்க ஆகாதுன்னா வீட்டுக்கும் ஆகாது. வீணாப் போறது கடலையா இருக்கட்டும், ஈரலா இருக்க வேணாம்."