வெட்டாத பக்கங்கள்

ஆகஸ்டஸ் பெல்லிங்கம் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. சாகிற மனிதர் வேதாகமம் கேட்பார் என்று பார்த்தால், அவர் கேட்டது தன் கவிதைத் தொகுதிக்கு வந்த மதிப்புரையை. காலையில் ஒரு தடவை, தேநீர் வேளையில் ஒரு தடவை. வாசிக்க மனைவி ஹெஸ்டர் இருக்கிறாளே.

"அந்த இடத்த இன்னொரு தடவ படி. கடைசி வரின்னு வருமே."

"'முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்கும் தொய்வில்லை.'"

"நம்ம நண்பன் கிராடக் எழுதினதுதான். பேர் போடலேன்னா என்ன, அவன் நடை எனக்குத் தெரியாதா? ஒருத்தனாவது என்னை முழுசாப் படிச்சிருக்கான், ஹெஸ்டர். இனி நான் நிம்மதியாப் போவேன்."

லண்டன் பத்திரிகைகளில் முப்பது வருஷம் பேர் போடாமல் விமர்சனம் எழுதி, எத்தனையோ பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் அவர். சொந்தமாக மூன்று கவிதைத் தொகுதி போட்டார், ஒருவரும் சீண்டவில்லை. இந்த நான்காவதற்குத்தான் விடிந்தது. அப்போதெல்லாம் புத்தகங்கள் பக்க ஓரத்து மடிப்பு வெட்டாமல்தான் வரும்; வெட்டினால்தான் படிக்கலாம். கண் மங்கின நாளிலிருந்து, மதிப்புரைக்கு வரும் புத்தகங்களின் ஒட்டிய மடிப்புகளைத் தந்தக் கத்தியால் வெட்டிப் பிரித்து வாசித்துக் காட்டுவது ஹெஸ்டரின் வேலை. எட்டுப் பக்கம் தாண்டினால் "போதும்" என்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். மீதியெல்லாம் மடிப்புப் பிரியாமலே பழைய புத்தகக் கடைக்குப் போகும்.

அவள் தம்பி நெட்டின் புத்தகத்துக்கு அந்த எட்டுப் பக்கமும் கிடைக்கவில்லை. "அதைப் படிச்சு வேற பாக்கணுமா? அவன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி மதிப்புரையைச் சொன்னார். அவள் எழுதினாள். பாவி, ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். அடுத்த குளிர்காலத்தில் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் ஒரு வாடகை அறையில் நெட் செத்துப்போனான். நெஞ்சுச்சளி என்றார்கள். பத்தொன்பது வருஷமாக அவள் அதை நம்பவில்லை.

நேற்று மருந்து வாங்கிக்கொண்டு ஹோலிவெல் தெரு வழியாக வந்தவள், ஒரு பழைய புத்தகக் கடை வாசலில் கணவரின் புதுப் புத்தகத்தைப் பார்த்தாள். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து: 'அருமை நண்பர் கிராடக்குக்கு.' அவர் சொல்லி அவள் எழுதியது. எட்டுப் பக்கம் வெட்டியிருந்தது. மற்றதெல்லாம் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக் கிடந்தது. வாங்கி சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள். காட்ட வேண்டாம், போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

இன்று காலை மதிப்புரை கேட்டு முடித்த கையோடு பெல்லிங்கம் சொன்னார்: "பாவம், உன் தம்பிக்கு இப்படி ஒருத்தன் வாய்க்கல. வாய்க்கிற அளவுக்கு அவன்கிட்ட சரக்கும் இல்ல."

ஹெஸ்டர் எழுந்துபோய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க புத்தகம். கிராடக்குக்குக் கொடுத்த பிரதி. பழைய புத்தகக் கடையில கெடந்துச்சு. தடவிப் பாருங்க."

அவர் விரல்கள் ஓரத்தில் ஊர்ந்தன. எட்டுப் பக்கம் புரண்டது. அப்புறம் மடிப்பில் முட்டி நின்றது. பின்னாலிருந்து தடவினார். அங்கேயும் மடிப்புதான்.

"வெட்டல" என்றார்.

"ஒரு சோறு பதம் பாத்திருக்கார். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே?"

அவர் முகம் சுருங்கிப் போவதை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். நன்றாக இருந்தது. பத்தொன்பது வருஷப் பசி ஆறினமாதிரி இருந்தது.

அப்புறம் அவர் மெல்லச் சிரித்தார்.

"உன் தையல் பெட்டி அடியில ஒரு புத்தகம் இருக்கே. போன வருஷம் கத்தரிக்கோல் தேடினப்ப கையில பட்டுது, ஒரு மடிப்பும் பிரியாம. நெட்டோடதுதானே?"

அவள் கிராடக்கின் பிரதியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நானாவது கண்ணு தெரியாதவன். நீ ஏன்டி வெட்டல?"

பக்கத்து அறைக்குப் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் வெட்டவில்லை? இவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மார்கேட்டிலிருந்து நெட் எழுதியிருந்தான்: 'ஊர் என்ன சொன்னால் என்ன அக்கா, நீ படித்தாயா?' அவள் பதில் போட்டாள்: 'முழுக்கப் படித்தேன். ஒவ்வொரு வரியும் அருமை.' அதற்கப்புறம் அவனிடமிருந்து கடிதம் வரவில்லை.

தையல் பெட்டி அடியிலிருந்து நெட்டின் புத்தகத்தை எடுத்து, தந்தக் கத்தியால் வெட்டத் தொடங்கினாள். முதல் பாட்டு சுமார். அடுத்தது அதைவிட மோசம். பத்துப் பாட்டு போயிற்று. படிக்காமலே அந்த மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நெஞ்சு கசந்தது. நாற்பத்தோராம் பக்கத்து மடிப்பை வெட்டினாள்.

அம்மா செத்த அன்று மாடிப்படியில் உட்கார்ந்து, தன் ரொட்டியையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொன்ன ஒரு சிறுமியைப் பற்றிய பாட்டு. பன்னிரண்டே வரி. பெல்லிங்கத்தின் நான்கு தொகுதியிலும் அதற்கு ஈடாக ஒரு வரி கிடையாது. தலைப்பின் கீழே சின்ன எழுத்தில் 'அக்கா ஹெஸ்டருக்கு' என்று அச்சாகியிருந்தது.

ஒவ்வொரு வரியும் அருமை என்று அவள் எழுதிய கடிதத்தில் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடிதத்தை நெட் எத்தனை தடவை புரட்டித் தேடினானோ.

"ஹெஸ்டர்!" அடுத்த அறையிலிருந்து அவர் குரல் வந்தது. "தேநீர் நேரம் ஆச்சு. அந்த மதிப்புரைய எடுத்துட்டு வா."

"அதை எதுக்கு இன்னும்?"

"வேற என்ன இருக்கு எனக்கு? படி."

அவள் போய் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள்.