நனைத்துப் பெருக்கிய முற்றம்

மலையுச்சியில் இருக்கும் தேவாலயத்தின் முற்றத்தில் காய்ந்த சருகை மிதித்தால் அது பேசும். ஒரு சருகுக்கு ஒரு பேச்சு, அதுவும் ஒரே தடவை. அதற்கப்புறம் அது வெறும் குப்பை. முற்றத்தில் ஐந்து மரங்கள் நிற்கின்றன. துளிர்விட்ட நாளிலிருந்து கிளையை விட்டு விழும் நாள் வரைக்கும் அந்த மரத்தடியில் யார் எதைச் சொன்னாலும், ஒரு மூச்சில் சொன்னது ஒரு இலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சையாக இருக்கும்போது கசக்கினாலும் வாயைத் திறக்காது. நன்றாகக் காய்ந்து, யாருடைய செருப்புக்கடியிலாவது நொறுங்கும்போதுதான், சொன்னவருடைய சொந்தக் குரலில், நடுவில் வந்த இருமல் தும்மல் உள்பட, அப்படியே ஒப்பித்துவிடும். ஏன் இப்படி என்று தேவாலயத்தைக் கட்டியவர்களும் எழுதிவைக்கவில்லை, மரத்தை நட்டவர்களும் எழுதிவைக்கவில்லை. மணி எத்தனை கிலோ என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த மலைக்கு இலையுதிர்காலத்தில்தான் கூட்டம். இருபத்திமூன்று வளைவுகள் ஏறி பஸ் மேலே வந்து நின்றால், கீழே ஆறு ஒரு பெரிய வளையம் போட்டுத் திரும்புவதும், அதன் மேல் பாலமும், பாலத்தின் மேல் தீப்பெட்டி தீப்பெட்டியாக வண்டிகளும் தெரியும். சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்பும். வந்தவர்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்று படம் எடுப்பார்கள், உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காருவார்கள், பிறகு முற்றத்தில் நடப்பார்கள். வம்பே அந்த நடையில்தான். ஒரு இலையுதிர்காலத்தில் இரும்புக்கடைக்காரர் மனைவியோடு வந்து நாலே அடி வைத்தார். நாலாவது அடியில், அவருடைய குரலே, மனைவியல்லாத ஒருத்தியை ரொம்பப் பிரியமாக ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் இரண்டு நிச்சயதார்த்தங்கள் முறிந்தன, முடிந்துபோன ஒரு நில வழக்கு மறுபடியும் உயிர் பெற்றது. தேவாலயக் குழு கூடியது. நனைந்த சருகு பேசாது என்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும் என்பதால், தினமும் காலையில் பஸ் வருவதற்கு முன்னால் முற்றத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும் என்று முடிவானது. குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதை எழுதி, அடிக்கோடிட்டு, குழு அறைச் சுவரில் மாட்டினார்.

அந்த வேலைக்கு வந்தவளை ஊரில் பூவாளி அக்கா என்றே கூப்பிட்டார்கள். கையில் தண்ணீர் தெளிக்கும் பூவாளி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கணவன் போய்ச் சேர்ந்தபின் பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரி சலவையகத்தில் நர்சுகளின் உடுப்புக்கு இஸ்திரி போட்டவள். வெள்ளை உடுப்பின் காலரை மடிப்புக் கலையாமல் திருப்பும்போதெல்லாம், ஒரு நாள் இதைத் தன் மகள் போட்டுக்கொண்டு வருவாள் என்று நினைத்துக்கொள்வாள். மகளோ நர்சுப் படிப்பில் இரண்டாம் வருடம் பாதியில் கிளம்பிப்போய் கனரக வாகன லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு வீட்டில் நடந்ததை மூன்று தெருக்கள் கேட்டன. கடைசியில் தாய், “இனிமே என் கண்ணுல முழிக்காத,” என்றாள். எந்த வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். சொன்னவர்களும் கேட்டவர்களும் சாயங்காலமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் மகளுக்கு அம்மாவின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான். தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் பூவாளி அக்கா மலை வேலைக்கு வந்தாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் இல்லை. வெயில் ஏறுமுன் நாற்பது நடை தண்ணீர் சுமப்பாள். இண்டு இடுக்கு விடாமல் நனைப்பாள், பெருக்குவாள், எருக்குழியில் கொட்டுவாள், பத்து மணிக்குப் பூவாளியைக் கவிழ்த்துவைத்துவிட்டு இறங்கிவிடுவாள். அவள் வந்தபின் ஒரு கல்யாணம்கூட முறியவில்லை. செயலாளர் இதை ஆண்டறிக்கையிலேயே சேர்த்தார்.

மூன்றாவது இலையுதிர்காலத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர் ஒருவர் மனைவியோடு முதல் பஸ்ஸில் வந்தார். பாலம் முழுசாகப் படத்தில் விழ வேண்டும் என்று கைப்பிடிச் சுவரின் மூலைக்குப் போய், துடைப்பம் எட்டாத ஒரு கல்லிடுக்கில் காலை வைத்தார். சருகு நொறுங்கியது. “அம்மா, இது மூணாவது வருஷம். தினம் நீதான் இங்க பெருக்குற, எல்லாத்தையும் கேட்டுட்டும் ஒரு வார்த்தை சொல்லல. சரி, இனிமே வரமாட்டேன்,” என்றது சருகு. சிக்னல்காரரின் மனைவி, “பாவம், யாரு பெத்த புள்ளையோ,” என்றாள். பூவாளி அக்கா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். பூவாளியிலிருந்த தண்ணீர் முழுவதும் அவள் காலிலேயே கொட்டித் தீர்ந்தது.

நடந்தது இதுதான். கண்ணில் முழிக்காதே என்றதை மகள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அம்மா மலையில் பெருக்குகிறாள் என்று பஸ் டிரைவர் சொல்லக் கேட்டு, ஒவ்வொரு கோடையிலும், அம்மா இறங்கிப் போன பிறகு, மத்தியான நேரமாகப் பார்த்து மேலே வந்து மரத்தடியில் நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறாள். பெருக்குகிறவள் சருகை மிதிக்காமலா இருப்பாள் என்று நினைத்திருக்கிறாள். நனைத்துவிட்டுப் பெருக்கச் சொல்லி ஒரு தீர்மானம் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் இரண்டு வருடப் பேச்சையும் பெற்ற தாயே தண்ணீர் ஊற்றி ஊமையாக்கி எருவாக்கியிருந்தாள். பூவாளி அக்கா எருக்குழிக்குப் போய், அதன் விளிம்பில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து அவள் பூவாளியைத் தொடவில்லை. விழுந்த சருகுகளை யார் காலிலும் படுமுன் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிச் சாக்கில் போட்டு, மணிக்கூண்டுக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு மிதித்தாள். மூன்று வாரம் மிதித்தாள். ஊரின் ரகசியம் அத்தனையும் அவள் காதில் விழுந்தது. இரும்புக்கடைக்காரர் திருந்தியிருக்கவில்லை. செயலாளர் பதினோரு இலைக்கு ஒரே பேச்சைப் பேசிப் பழகியிருந்தார்: மனைவியின் கிளி தானாகப் பறந்து போகவில்லை, தன் குறட்டையை அது பழித்துக் காட்டியதால் தானே கூண்டைத் திறந்துவிட்டதாக. பதினோரு தடவை ஒத்திகை பார்த்தவர் வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டார். பூவாளி அக்கா எதையும் வெளியில் மூச்சு விடவில்லை.

மகளுடைய சருகுகள் பத்தொன்பது கிடைத்தன, வரிசை தப்பி. கோபம் முதலில் வந்தது, நலம் விசாரிப்பு கடைசியில் வந்தது. முதுகுவலிக்கு ஒரு பெல்ட் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். பதினாறு சக்கர வண்டியைப் பின்பக்கமாக ஒடித்து நிறுத்துவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றாள். ஒரு விபத்தில் அடிபட்டவருக்கு நடுரோட்டில் கட்டுப்போட்டதைச் சொல்லி, “படிச்சது வீணாப் போகலம்மா,” என்றாள். பதினேழாவது சருகு, “வியாழக்கிழமை மத்தியானம் பாலத்துக்கிட்ட இருக்குற லாரி ஸ்டாண்டுலதான் நிப்பேன். அங்கேருந்து பாத்தா நீ பெருக்குற இடம் தெரியும், நீ தெரியமாட்ட,” என்றது. அதைக் கேட்டபின் அன்றைக்கு அவளால் வேறு எதையும் மிதிக்க முடியவில்லை.

நேராக லாரி ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். பூவாளி அக்காவுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். மகளை எதிரில் பார்த்ததும் மனதில் இருப்பது ஒன்றும் வாய்க்கு வராது, “என்னடி இப்படி இளைச்சிருக்க” என்று ஆரம்பித்துச் சண்டையில்தான் முடியும். அதற்கு முன்னால், அம்மா வருவதைப் பார்த்தாலே மகள் வண்டியைக் கிளப்பிவிடுவாள். ஆகவே சருகுக்குச் சருகாலேயே பதில் சொல்வது என்று முடிவெடுத்தாள். நான்கு மரங்கள் மொட்டையாகியிருந்தன. வடக்குச் சுவரை ஒட்டிய ஐந்தாவது மரம் காற்றுப் படாததால் எப்போதும் கடைசியில்தான் உதிரும். அதன் உச்சியில் இன்னும் எந்தப் பேச்சும் ஏறாத முப்பது நாற்பது இலைகள் மீதி இருந்தன. தரையிலிருந்து பேசினால் போகிற வருகிறவர் பேச்சும் கலந்துவிடும் என்று அவள் ஏணி கேட்டாள்.

செயலாளர் சட்டம் பேசினார். நனைக்காமல் விட்டதே தப்பு, இதில் ஏணி வேறா என்றார். பூவாளி அக்கா அமைதியாக, “அந்தக் கிளி எங்கயாவது நல்லாத்தான் இருக்கும் சார்,” என்றாள். செயலாளர் தானே போய் ஏணியைக் கொண்டுவந்து, தானே பிடித்துக்கொண்டார்.

அவள் ஏறி, ஒவ்வொரு இலையின் பக்கத்திலும் வாயை வைத்துப் பேசினாள். பேசி முடித்து, அடியில் பழைய படுக்கை விரிப்பை விரித்துவைத்து, ஒன்பது நாள் காத்திருந்தாள். விழுந்தவற்றைக் கூரைமேல் காயவைத்து, நொறுங்காமல் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, வியாழக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். இருபத்திமூன்று வளைவுக்கும் டிரைவரிடம், “மெதுவாப் போ தம்பி,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மகள் வண்டிக்குள் கண்ணயர்ந்திருந்தாள். பூவாளி அக்கா கதவுக்குக் கீழே சருகுகளைப் பரப்பிவிட்டு, ஒரு டயர்க் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அரை மணி கழித்துக் கதவு திறந்தது. குதித்த மகளின் காலடியில், “ஏணிய ஆட்டாதீங்க சார்,” என்றது அம்மாவின் குரல். அடுத்த காலடியில் செயலாளரின் குரல், “நான் ஆட்டலம்மா, காத்து,” என்றது. பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அசையாமல் நின்றாள், பிறகு பாம்பு இருக்கிற இடத்தில் வைப்பது போல ஒவ்வொரு அடியாக வைத்தாள்.

“நர்சு உடுப்புக்கு இஸ்திரி போட்டுப் போட்டு எனக்குள்ள ஒரு வெறி. உனக்குப் பிடிக்குதான்னு ஒரு நாள் கேட்டதில்ல.” “நீ பேசினதை ரெண்டு வருஷமா நானே தண்ணி ஊத்தி அழிச்சிருக்கேன். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.” “அந்த பெல்ட்ட நல்ல கடையில வாங்கினியா?” “நான் சொன்னது தப்பு.” “சொன்னது தப்பு, தப்புன்னு மூணு இலையில சொல்லியாச்சு, இன்னும் எத்தனை தடவை சொல்ல, இந்தக் கிளை வேற கண்ணக் குத்துது.” மகள் வண்டியைச் சுற்றி வந்து, முழங்காலிட்டு, டயருக்கடியில் ஒதுங்கியிருந்த இரண்டு சருகுகளையும் எடுத்துக் கையாலேயே நொறுக்கினாள். ஒன்றில் வெறும் மூச்சிரைப்புத்தான் இருந்தது. மற்றதில், “வாடி வீட்டுக்கு,” என்று இருந்தது.

பூவாளி அக்கா டயர்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் மகள் சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையை மறைக்கவா, அந்தப் பழைய உத்தரவுக்கா என்று டிரைவர்களுக்கு விளங்கவில்லை. “கைய எடு, மூஞ்சியப் பாக்கணும்,” என்றாள் தாய். கையை எடுத்தாள். “என்னடி இப்படி இளைச்சிருக்க,” என்றாள் தாய். எதிர்பார்த்தபடியே சண்டை ஆரம்பித்தது. வீடு போய்ச் சேரும்வரை நடந்தது.

செயலாளர் அந்த வாரமே வீட்டில் கிளி விஷயத்தைச் சொன்னார். நான்கு நாள் அவருக்குச் சாப்பாடு பேச்சில்லாமல் வந்தது, ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் குழு கூடி, நனைக்கும் தீர்மானத்தை நீக்கியது. அதற்குப் பதிலாக, மரத்தடியில் பேசுகிறவர்கள் யோசித்துப் பேசவும் என்று ஒரு பலகை வைத்தார்கள். இரும்புக்கடைக்காரர் மலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். நேரில் சொல்ல முடியாததை வசந்தத்தில் வந்து சொல்லிவிட்டு, இலையுதிர்காலத்தில் உரியவரைக் கூட்டிவந்து நடக்கவைப்பது வழக்கமாயிற்று. இரண்டாவது பஸ் விட வேண்டியிருந்தது.

மகள் கோடையில் மாதம் இரண்டு தடவை மலைக்கு லாரியிலேயே வந்தாள். பதினாறு சக்கரமும் சேர்ந்து மூன்று பஸ் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டது. தாய் பெருக்கிக்கொண்டே ஏதாவது சொல்வாள், மகள் மரத்தில் சாய்ந்துகொண்டு பதில் சொல்வாள். பலகையில் எழுதியிருந்ததை இருவரும் மதிக்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் மலைக்கு வந்தவர்கள், ஆற்றையும் பாலத்தையும் பார்த்துவிட்டு முற்றத்தில் நடந்தபோது, ஒரு தாயும் மகளும் கதவு திறந்த வீட்டில் இருப்பது போல உரக்கச் சண்டை போடுவதைக் காலடிக்குக் காலடி கேட்டார்கள். பதினோரு நாள் வரை கேட்டது. யாரும் புகார் செய்யவில்லை.