முதல் கைத் தண்ணீர்

கருவேலங்குடி வாய்க்காலில் இருந்த மீன்கள், தண்ணீர் புளித்துப்போன ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கரையேறி, நீடாமங்கலம் ரோட்டின் இடது ஓரமாக நடந்து வந்து கலைமகள் வீட்டுக்குள் நுழைந்தன. முன்னால் வந்தது பனையேறிக் கெண்டை. அதற்கு நடை புதிதல்ல, மழை பெய்தால் வரப்பேறி நடக்கிற இனம்தான். பின்னால் விரால், குறவை, கெளுத்தி. நடக்கத் தெரியாத அயிரைப் பொடிசுகளை விரால்கள் வாயில் அடக்கிக்கொண்டு வந்தன. மினி பஸ் டிரைவர் எல்லாம் கடந்து முடிகிறவரை வண்டியை நிறுத்தி வைத்தார். அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சே பஸ் தாமதமானதுதான். கலைமகள் அடுப்பை அணைத்துவிட்டு அண்டாவின் மூடியை எடுத்தாள். அண்டா கொள்ளாதவை கொல்லைப்புறக் கிணற்றில் இறங்கின.

ஊரில் இத்தனை வீடு இருக்க மீன்கள் ஏன் அங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவள் புருஷன் வைரக்கண்ணு. அவர்தான் வாய்க்கால் தலைப்பில் மடை திறந்து மூடுகிற லஸ்கர். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊருக்கு வந்து சேருகிற நாளில், மடை திறக்கிறவர் முதல் கைத் தண்ணீரைக் குடித்து, ‘நல்லாருக்கு, இறங்கலாம்’ என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் ஆடு மாடுகூட இறங்காது. ஆற்றிலிருந்து ஏறி வருகிற மீன்களும் மடைவாயில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வாய்க்காலுக்குள் வரும். அதை அங்கே யாரும் அதிசயமாக நினைத்ததில்லை.

அந்த வருடம் தலைப்புக்குப் பக்கத்தில் பழைய இரும்பை ஆசிட்டில் கழுவுகிற கம்பெனி ஒன்று வந்திருந்தது. கழுவின தண்ணீரைக் குழாய் வைத்து வாய்க்காலில்தான் விட்டார்கள். வைரக்கண்ணு முதல் கையை வாயில் வைத்தார், கண்ணை மூடினார், ‘நல்லாருக்கு, இறங்கலாம்’ என்றார். மீன்கள் வந்தன. கலைமகள் சும்மா இருந்திருக்கலாம். நடவுக் கூட்டத்துக்குத் தலைவி அவள். தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறதே என்று தயங்கின பெண்களைப் பார்த்து, “எங்க வீட்டுக்காரரே குடிச்சிட்டாரு, அப்பறம் என்னடி?” என்று முதல் ஆளாகச் சேற்றில் கால் வைத்தாள். வாரம் முடிவதற்குள் அத்தனை பேர் காலும் வெந்து வெடித்தது. அவளுடைய உயிர்த் தோழி ராஜாத்திக்குக் கால் கட்டைவிரல் நகம் கழன்று விழுந்தது. அது பிறகு முளைக்கவே இல்லை. ராஜாத்தி அதற்கப்புறம் அந்தத் தெருவழியாக நடக்கவும் இல்லை.

மீன்கள் வந்த அன்று மத்தியானம் வைரக்கண்ணு ரசத்தை வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்தார். கலைமகள் அவரை நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கு வெள்ளையாக வெந்திருந்தது. முதல் கையை அவர் விழுங்கவே இல்லை, வாயில் வைத்திருந்து துண்டில் துப்பியிருக்கிறார். தெரிந்தே சொன்ன சொல் அது. எதற்காக என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மகன் சதீஷை அந்தக் கம்பெனியிலேயே சூப்பர்வைசராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் கெட்டதுகூட இருக்கட்டும், அந்தப் பொய்யைத் தன் வாயாலும் சொல்ல வைத்தாரே என்றுதான் அவளுக்குப் பற்றி எரிந்தது. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோற்றை நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதை அண்டாவிலிருந்த பெரிய விராலிடம் சொன்னாள். “சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு.” விரால் அவர் பக்கம் திரும்பும். அவரும் போகப் போக விராலிடமே பதில் சொல்லப் பழகிக்கொண்டார். குடும்பம் அப்படியே ஓடியது.

கோர்ட்டு கம்பெனியை மூடியது. முதலாளி போன இடம் தெரியவில்லை. சதீஷ் குவைத்துக்குப் போனான். மீன்களுக்கு வயதாகவில்லை, கலைமகளுக்குத்தான் ஆனது. கம்பெனி போனாலும் வாய்க்கால் புளிப்பு போகவில்லை. புளிப்பை முறிக்க வேதாரண்யம் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சீர்காழிக்காரி அருள்செல்வி, கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிற டீச்சர், பாட்டிலும் கையுமாக வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போவாள். போகும்போது கலைமகள் வீட்டில், கெளுத்தியை மிதித்துவிடாமல் ஓரமாக உட்கார்ந்து டீ குடிப்பாள். முதலில் பாசி வந்தது. அப்புறம் தட்டான் குஞ்சுகள். நத்தைகள் வந்தபோது ஓடு பொரிக்காத அப்பளம்போலத் துவண்டது. தவளைகள் முதல் இரண்டு மழைக்கு வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை, மூன்றாவது மழைக்கு வந்தது. மீன்கள் மட்டும் வரவில்லை.

பஞ்சாயத்துத் தலைவி பூர்ணிமா, வாய்க்கால் பிழைத்துவிட்டது என்று விழா எடுத்தாள். ரிட்டையர் ஆகியிருந்த வைரக்கண்ணுவுக்கு வேட்டி துண்டு கொடுத்து மடையில் நிறுத்தினார்கள். மீன்களும் மரியாதைக்குக் கரைவரை நடந்து போயின. அவர் குடித்து, ‘நல்லாருக்கு, இறங்கலாம்’ என்றார். மீன்கள் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பின. அடுத்த வருடமும் அதே விழா, அதே சொல், அதே திரும்பல். மீனுக்குத் திமிர் என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

கலைமகள் இதை அருள்செல்வியிடம் கேட்டாள். பாட்டிலில் வருடம் பூரா நல்ல கணக்குத்தான் காட்டுகிறது, ஆனால் காய்ந்து கிடந்த தரையில் முதல் தண்ணீர் ஓடும்போது அடிச்சேற்றில் இருக்கிற புளிப்பு கொஞ்ச நாளைக்கு மேலே வந்துவிடுகிறது என்றாள் டீச்சர். “தண்ணி தேறிடுச்சுக்கா. மண்ணுதான் இன்னும் மறக்கல.” அப்படியானால் அந்த மனுஷன் இந்த இரண்டு வருடமும் பொய்தான் சொல்லியிருக்கிறார் என்று கலைமகளுக்கு விளங்கியது. நாக்கு வேகாத அளவுக்குச் சின்னப் பொய். அதுதான் முன்னதைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த ஆனியில் வைரக்கண்ணு குனிவதற்கு முன்னால் அவள் இறங்கி, கையில் அள்ளி, ஊர் பார்க்க விழுங்கினாள். “புளிக்குது,” என்றாள். “யாரும் இறங்காதீங்க.” மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள். பூர்ணிமாவுக்கு முகம் தொங்கிப்போனது. மீன்கள் திரும்பிப் போகவில்லை, கரையில் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துகொண்டன. கலைமகள் தினமும் காலையில் வந்து குடித்தாள், புளிக்கிறது என்றாள், குடத்துத் தண்ணீரை மீன்கள்மேல் தெளித்துவிட்டுப் போனாள். நடவு தள்ளிப்போகிறது என்று ஊர் முணுமுணுத்தது. அவள் அசையவில்லை. ஒரு காலையில் குடித்துவிட்டு இன்னொரு கையும் அள்ளிக் குடித்தாள். “இப்ப இறங்கலாம்.”

பனையேறிக் கெண்டை முதலில் இறங்கியது. விரால்கள் வாயைத் திறந்து அயிரைகளை விட்டன. வைரக்கண்ணு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மடையோரம் நின்றார். எல்லா மீனும் அவர் காலைச் சுற்றிக்கொண்டுதான் போயின, ஒன்றும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசி மீன் இறங்கின இடத்தில், நகமில்லாத கட்டைவிரலோடு ஒரு கால் தண்ணீருக்குள் இறங்கியது. கலைமகள் நிமிர்ந்து பார்க்கத் துணியாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நாத்துக் கட்டு எங்கடி?” என்று கேட்டாள் ராஜாத்தி. கலைமகள் அழுதுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அண்டாவில் பெரிய விரால் மட்டும் இருந்தது. அது கிளம்பவே இல்லை. வைரக்கண்ணு அண்டாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இன்னும் எத்தன நாளாகும்னு கேளு,” என்றார் விராலிடம்.

விரால் அவள் பக்கம் திரும்பியது. கலைமகள் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “இன்னும் புளிக்குதுன்னு சொல்லு.”

மறுநாள் காலை வைரக்கண்ணு வாய்க்காலிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அண்டாவை நிரப்பினார். இப்போதும் அவர்தான் நிரப்புகிறார்.