சாமி வந்த கட்டில்

ஹேமநாதன் பச்சை உடம்புக்காரியான பெண்டாட்டியின் கன்னத்தில் அறைந்தான். திருத்தணி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எங்கோ பார்த்துப் பிதற்றிக்கொண்டிருந்தாள் சுசித்ரா. நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது.

தாய் பத்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் பாதங்கள் சில்லிட்டிருந்தன. மூச்சு வாங்கினாலோ பேச்சு தடுமாறினாலோ அந்த நிமிஷமே கூப்பிடச் சொல்லிவிட்டுத்தான் நர்ஸ் புஷ்பலதா பிரசவ அறைக்குப் போயிருந்தாள்.

"நர்சம்மாவ இட்டாந்துடறேன்" என்று பத்மா நகர்ந்தாள்.

சம்பந்தி அன்னம்மாள் குறுக்கே வந்தாள். "இன்னாத்துக்கு? மலைக்குக் காவடி நேர்ந்துகினு எடுக்கல. அதான் சாமி எறங்கி ஆடுது. பொண்ணு குடுத்தவ, அடங்கி நில்லு."

பெண் கொடுத்தவர்கள் எதிர்த்துப் பேசக் கூடாது என்றே வளர்ந்தவள் பத்மா. மாப்பிள்ளைக்குக் கால் கழுவிய நாளிலிருந்து பேசியதில்லை. அன்றும் திரும்பி வந்து மகளின் காலையே பிடித்துக்கொண்டாள்.

அன்னம்மாள் மருமகளின் வாயில் விபூதியைத் திணித்தாள். தலைமாட்டில் செருகியிருந்த வேப்பங்கொத்தை உருவி முகத்திலும் மார்பிலும் விளாசினாள். ஹேமநாதன் தோள்களைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்தான். என்ன வேண்டும், சொல் என்று அதட்டினார்கள். சுசித்ரா தண்ணீர் கேட்டாள். பிறகு அடங்கிப்போனாள்.

"பாத்தியா, சாமி மலையேறிடுச்சு" என்றாள் அன்னம்மாள்.

திரும்பி வந்த புஷ்பலதா கையைத் தொட்டதும் டாக்டருக்குக் குரல் கொடுத்தாள். டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தியபோது விலா எலும்பு முறிகிற சத்தம் பத்மாவுக்குக் கேட்டது. கருப்பையில் சீழ் பிடித்து ரத்தம் முழுக்க விஷம் ஏறியிருந்தது, பிதற்றல் அதனால்தான், அப்போதே கூப்பிட்டிருக்கக் கூடாதா என்றார் டாக்டர்.

சுசித்ராவின் காரியத்தன்று மாப்பிள்ளையின் பொதட்டூர்பேட்டை வீட்டில் அன்னம்மாள் கண்ணைத் துடைத்தபடி பேச்செடுத்தாள். பத்மாவின் சின்ன மகள் தேவிப்பிரியாவை ஹேமநாதனுக்குக் கொடுத்தால் குழந்தைக்குத் தாய் கிடைக்கும், உறவும் விட்டுப்போகாது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்த தேவிப்பிரியா அம்மாவைப் பார்த்தாள்.

பத்மா எழுந்துபோய் ஹேமநாதனை அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"எனக்கும் சாமி வந்துகீது, சம்மந்தி" என்றாள், குரல் உயராமல். "புடிச்சுகினு அடிங்க பாக்கலாம்."

வேப்பிலை ஒடிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.