ஓவியக் கூடத்துக்கு ஏழாவது ஆள்

எங்கள் ஊர் பொது ஓவியக் கூடத்தில் அறங்காவலர் ஏழு பேரில் ஒருவர் குறைந்தாலும், படங்களில் இருக்கிறவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். முதலிலிருந்தே அப்படித்தான். போன ஆவணியில் ஏழாவது அறங்காவலர் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வாரமே வலை உலர்த்தும் மீனவர் நால்வர் படச் சட்டத்தை விட்டு இறங்கி, செயலாளர் ஞானதிரவியத்திடம் முறையாகச் சொல்லிக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறினார்கள். படத்தில் கடல் மட்டும் கிடந்தது.

ஞானதிரவியத்துக்கு உயிரே நெல் அவிக்கும் பெண் படம்தான். அவளும் வெள்ளிக்கிழமை ஐந்தேகால் பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டாள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

சம்பளமில்லாத பொறுப்பு என்றாலும் விளம்பரம் பார்த்துப் பதினோரு பேர் வந்தார்கள். நேர்காணலைப் படங்கள்தான் நடத்தும். ஒரு கல்லூரி வாத்தியார் நெல் அவிக்கும் பெண்ணின் எதிரிலேயே நின்று அவளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். ஒரு டாக்டர், வாசல் கல்வெட்டில் தன் பெயர் எத்தனையாவதாக வரும் என்று கேட்டார். அவருக்கும் முதுகுதான். மற்ற ஒன்பது பேரும் பார்த்தது முதுகைத்தான்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஞானதிரவியம், பஸ் ஸ்டாண்டை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் மாடத்தியிடம் போய் நின்றார்.

"அறங்காவலர்னா என்ன வேலை அண்ணாச்சி?"

"அடுத்தவங்க விட்டுட்டுப் போனதைப் பத்திரமா பாத்துக்கிடணும்."

"இருவத்திரெண்டு வருசமா வேற என்னத்தச் செய்தேன்? சம்பளம்?"

"கிடையாது."

"அப்ப யாரும் வேலைய விட்டுத் தூக்கவும் முடியாது. நடங்க."

அவர்கள் போய்ச் சேரும்போது நெல் அவிக்கும் பெண் அடுப்பை அணைத்து, அண்டாவைத் தலையில் ஏற்றி, வாசலுக்கே வந்துவிட்டாள். மாடத்தி குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"டோக்கன் எங்க?"

"எந்த டோக்கன்?"

"உன்னைய இங்க விட்டுட்டுப் போனாருல்லா, அவருகிட்ட பாதி இருக்கும்."

"என்னைய வரைஞ்சவரு செத்து நாப்பது வருசமாச்சுக்கா."

"இருக்கட்டும். நாளைக்கு அவரு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல? டோக்கன் இல்லாம ஒரு சைக்கிள் பம்பு கூட என்னைத் தாண்டிப் போனதில்ல. உள்ள போ, தாயி."

சொல்லிக்கொண்டே எழுந்து, சைக்கிள் சீட்டில் போடுவது போல அண்டாவின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒன்பது என்று டோக்கன் நம்பர் போட்டாள். வெளியே ஐந்தேகால் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அந்தப் பெண் அண்டாவை இறக்கி அந்த நம்பரைப் பார்த்தாள். பிறகு சட்டத்துக்குள் ஏறி அடுப்பைப் பற்ற வைத்தாள். இந்தத் தடவை முகம் இந்தப் பக்கம் இருந்தது.

முப்பது வருசமாக அறங்காவலர்களைப் பார்த்த மனிதர் ஞானதிரவியம். பெரிய பெரிய ஆட்கள். வாசலை மறித்து உட்கார ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மாடத்திக்குக் காட்டும்போது அவர் எழுந்து நின்றுதான் காட்டினார்.

திங்கட்கிழமை காலை வேறு ஏதோ ஊர்ப் படத்திலிருந்து ஒரு யானை, சாயம் காயாத வாலோடு வந்து நின்றது. பத்திரமான இடம் என்று கேள்விப்பட்டதாம். மாடத்தி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நேரா நின்னா கூரை இடிக்கும் அண்ணாச்சி. சைடு ஸ்டாண்டு போடச் சொல்லுங்க."

அவர் சொன்னார். யானை ஒரு காலை நீட்டி ஊன்றி, இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டது.